கல் தூணில் ஒரு கயிறு

மாலை ஐந்து மணி. ஜனவரி. இருட்டிவிட்டது. ரியேகா துறைமுகத்தின் நீண்ட அலைதடுப்புச் சுவர்மேல் ஒரே ஒரு ஆள் நடந்துகொண்டிருந்தார்...

இப்படித்தான் நெவியா ஆரம்பித்தாள்.

நாங்கள் நான்கு பேர். படகோட்டும் உரிமத்துக்கான மாலை வகுப்பு முடிந்திருந்தது. மலையிலிருந்து இறங்கிய புரா காற்று முதலில் பேருந்துகளை நிறுத்தியது, பிறகு மின்சாரத்தை. மரினாவின், அதாவது பாய்ப்படகுகள் நிறுத்தும் துறையின், அலுவலக மாடியில், எரிவாயு அடுப்பைச் சுற்றி, கோட்டைக்கூடக் கழற்றாமல் நெருங்கி உட்கார்ந்திருந்தோம். அவள் சொன்ன வரிசையிலேயே எழுத முயல்கிறேன். எங்காவது ஒரு வார்த்தை கூடியிருந்தால், அது பயத்தில் கூடியது.

நடந்தவர் அவளுடைய தாய்மாமன் ஃப்ரானே. மரினாவுக்கு வரும் படகுகளின் கயிற்றைப் பிடித்துக் கரையில் கட்டித் தருவதுதான் அவர் வேலை. ஆனால் அன்று வந்தது மகளுக்காக. லூட்சியா, வாடகைக்குப் போன பாய்ப்படகு ஒன்றைத் தீவிலிருந்து தனியாகத் திருப்பிக் கொண்டுவந்துகொண்டிருந்தாள். நடுவழியில் போன் செய்தாள். இஞ்சின் நின்றுவிட்டது, சின்னப் பாயை வைத்து வருகிறேன், சுவரின் முனையில் நின்று கயிறு பிடியுங்கள் என்றாள். அதன்பிறகு அவள் போன் எடுக்கவில்லை. முனையைத் தவறவிட்டால் புரா அவளைத் திறந்த கடலுக்குத் தள்ளிவிடும். அந்தக் காற்றில் யாரும் தேடிப் போக முடியாது.

முனையில் ஒரு பழைய கல் தூண். பெரிய பாய்மரக் கப்பல்கள் வந்த காலத்தது. மரினா கட்டியபோது அழகுக்காக விட்டுவைத்தார்கள். மாமா அதன் பின்னால் குனிந்து நின்றார். உதட்டில் உப்பு. முதுகுக்குப் பின்னால், மரினாவின் அத்தனை பாய்க்கம்பங்களிலும் கம்பிகள் அடித்துக்கொள்ளும் சத்தம்... கிணிங்... கிணிங்...

அப்போது இருட்டிலிருந்து ஒரு கயிறு வந்து அவர் மார்பில் விழுந்தது.

இங்கே, கயிறு வந்து விழுந்தால் வீசியது யார் என்று யாரும் கேட்பதில்லை. பிடி, தூணில் சுற்று, அப்புறம் முகத்தைப் பார். எங்கள் முதல் வகுப்பே அதுதான். அடுத்தது, படகிலிருந்து ‘மோலா’, அதாவது ‘விடு’, என்று குரல் வரும்வரை கையை எடுக்கக் கூடாது.

மாமா இரண்டு சுற்றுச் சுற்றினார். பிறகுதான் விரல்களுக்குத் தெரிந்தது. நைலான் இல்லை... சணல். மணிக்கட்டுத் தடிமன். தார் வாசனை. அப்படிப்பட்ட கயிற்றை அவர் அருங்காட்சியகத்தில்தான் பார்த்திருந்தார்.

கலங்கரை விளக்கின் ஒளி ஒருமுறை சுற்றி வந்தது. கயிறு தண்ணீருக்கு மேலே விறைப்பாக நீண்டு போனது... போனது... அந்த முனையில் எதுவுமே இல்லை. ஆனால் இழுத்தது. எங்கோ மரம் முனகியது.

“உங்க மாமா ஒரு கிளாஸ் கூடுதலாப் போட்டிருப்பாரு,” என்றான் டோனி. வகுப்பில் எதற்கும் கிண்டல் செய்கிறவன்.

“போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்டா,” என்றாள் நெவியா. அவன் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

லூட்சியாவின் பச்சை விளக்கு தெரிந்தது. நேராக வராமல் பக்கவாட்டில் ஒதுங்கிக்கொண்டே வந்தது. அவள் கயிற்றை வீசினாள். அது அவர் காலுக்கு அப்பால் விழுந்து, கல்லில் சறுக்கி, விளிம்பை நோக்கி நழுவியது. மாமாவின் கையில் இருந்த சணல் கயிற்றின் நுனி முழங்கை நீளம். இன்னொரு சுற்றுக்குப் போதாது. கையை எடுத்தால் போய்விடும்.

அவர் இருட்டைப் பார்த்துக் கத்தினார்.

“யாருங்க அது? அங்க வர்றது என் பொண்ணு. ‘விடு’ன்னு சொல்லுங்க... இன்னொரு புரால நானே வந்து நிக்கிறேன். நானே பிடிக்கிறேன்.”

முனகல் நின்றது. பிறகு, காதுக்குப் பக்கத்தில், நிதானமான ஒரு ஆண்குரல். வயதான மாலுமியை மரியாதையாகக் கூப்பிடும் சொல்லோடு.

“மோலா, பார்பா.”

அவர் விட்டார். தண்ணீரில் கயிறு விழுந்த சத்தமே கேட்கவில்லை. மகளின் கயிற்றைக் காலால் மிதித்து நிறுத்தி, இழுத்து, கட்டினார். லூட்சியா நடுங்கிக்கொண்டே சுவரில் ஏறினாள். அவள் கேட்டது ஒன்றுதான்.

“ரெண்டு கையும் சும்மாத்தானேப்பா இருந்துச்சு... ஏன் குனிஞ்சு எடுக்கல?”

அவர் உள்ளங்கை இரண்டிலும் தார். பெட்ரோலுக்கும் போகவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க, புரா அடிக்கும்போதெல்லாம் அவர் கதவைத் தாழிட்டுக்கொண்டார். அடுத்த குளிர்காலத்தில் ஒரு மாலை. லூட்சியா மறுபடி ஒரு படகோடு வெளியே இருந்தாள். மாமா பீன்ஸ் சூப்பைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். நெவியாவின் அம்மா வாசலை மறித்தாள்.

“நான் போகலன்னா, அது அவகிட்ட கேக்கும்,” என்றார்.

அன்று லூட்சியா பத்திரமாக வந்து சேர்ந்தாள். அவள் நுழையும் நேரம் மட்டும் காற்று நின்றிருந்ததாம். சுவர்முனையில் அப்பா இல்லை. தூணில் சணல் கயிறு, இரண்டு சுற்று. இந்த முறை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. இந்தப் பக்கம் முழங்கை நீள நுனி. அந்தப் பக்கம் கடலுக்குள் இறங்கி... விறைப்பாக.

மூழ்கிப் பார்த்தார்கள். கயிறு சேற்றுக்குள் போகிறது, அவ்வளவுதான். மரினாக்காரர்கள் வெட்ட வந்தபோது லூட்சியா தூணைக் கட்டிக்கொண்டாள்.

“இன்னும் யாரும் மோலா சொல்லல. அப்பா பிடிச்சிட்டு இருக்காரு.”

கோடையில் வருகிற பயணிகள் அதைப் பழங்காலச் சின்னம் என்று நினைத்துப் படம் எடுத்துப் போகிறார்கள். கடல் அசையாத நாளிலும் அது தளர்வதில்லை. ஒவ்வொரு புராவிலும் தூணைச் சுற்றிக் கொஞ்சம் நழுவி, நுனி குறைகிறது. அதனால் அந்த நாள்களில் லூட்சியா போய் நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

“நுனி தீந்துட்டா?” என்று டோனி மெதுவாகக் கேட்டான்.

நெவியா அடுப்பின் தீயைக் குறைத்தாள். வெளியே கம்பிகள் அடித்துக்கொண்டேயிருந்தன.

விடியும்போது காற்று அடங்கியது. நான் கேட்டதில் பாதி தவறாக இருக்கும் என்று எனக்கே சந்தேகம். அதனால் சுவர்முனைவரை நடந்துபோய்ப் பார்த்தேன். கடல் எண்ணெய்போல் கிடந்தது. தூணில் சாய்ந்து ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இமையில் உப்பு படிந்திருந்தது. கயிற்றின் நுனியை ஒரு கையால் இறுக்கியிருந்தாள்.

முஷ்டிக்கு வெளியே நுனி மிச்சமில்லை.