மாசிலாமணியின் நகம்

...என்ன இது? இவ்வளவு நேரம் குடும்பச் சண்டையைப் பத்திப் பேசுனேன், கொட்டாவி விட்டீங்க. மூஞ்சியில வர்ற பருவைப் பத்திப் பேசவான்னு கேட்டதும் நிமிர்ந்து உக்கார்றீங்க! சரி... அப்ப பருவை வச்சே ஒரு குட்டிக் கதை சொல்லிடுறேன், கேட்டுக்குங்க.

திண்டுக்கல்ல ஒரு ஜவுளிக்கடை. பட்டுச்சேலை விக்கிற எடத்துல ஒருத்தர். வயசு முப்பத்தாறு. பேரு மாசிலாமணி. மாசே இல்லாத மணி! ஆனா மூஞ்சியைப் பாத்தா... தாடை பூரா பரு. பரு போன இடமெல்லாம் கறுப்புக் கறுப்பாத் தழும்பு. பேரு வைக்கும்போது பெத்தவங்களுக்கு என்ன தெரியும், பாவம்!

நம்ம ஊர்ல பரு வந்தவனுக்கு வைத்தியம் சொல்லாத ஆள் உண்டா? முகூர்த்தச் சேலை எடுக்க வந்த அம்மா, சேலையைப் பாக்கல, இவர் மூஞ்சியைப் பாக்குது. "தம்பி, அந்த மாம்பழ மஞ்சள் சேலையை எடுத்து வைங்க... நீங்க வேப்பிலையை அரைச்சுப் போடுங்க." கூட வந்த அம்மா, "வேப்பிலை எதுக்கு? எலுமிச்சம்பழத்தைப் புழி!"

புழிஞ்சார். எரிஞ்சுது பாருங்க... அடிவயிறு வரைக்கும் எரிஞ்சுது! விட்டாரா? கிராம்பை இழைச்சார், ஜாதிக்காயை இழைச்சார், பட்டையை இழைச்சார். சம்சாரம் செண்பகவல்லி கேட்டாங்க: "என்னங்க, நாளைக்குப் பிரியாணிக்கு உங்க கன்னத்தைத்தான் வழிச்சுப் போடணுமா?"

இதோட போயிருந்தா பரவாயில்ல. பொங்கலுக்கு மாமனார் வீட்டுக்குப் போறார். பந்தி நடக்குது. செண்பகவல்லியோட தம்பி தவசி, வாயில வடையை வச்சுக்கிட்டே கேக்குறான்: "என்ன மாமா... இப்பத்தான் வயசுக்கு வர்றீங்களா?"

பந்தியே சிரிச்சுது. மாசிலாமணி சிரிச்சாரா? இலையை மூடினார். எந்திரிச்சார். அன்னைக்கு மச்சினன்கிட்ட நின்ன பேச்சுதான்!

செண்பகவல்லி பாத்தாங்க. இவரை இழுத்துக்கிட்டு ஒரு ஆயுர்வேத டாக்டரம்மாகிட்ட போனாங்க. டாக்டரம்மா மூஞ்சியை ஒரு பார்வை பாத்தாங்க. அப்புறம் கேட்டாங்க: "காலையில வயிறு ஒழுங்காப் போகுதா?"

மாசிலாமணிக்குக் கோவம். "டாக்டரம்மா, கோளாறு மாடியில இருக்கு... நீங்க கக்கூஸ்ல தேடுறீங்களே!"

"அடுப்பு கீழதான எரியுது? அதைப் பாக்காம மேல வர்ற புகையை மட்டும் தொடைச்சா எப்படி? ராத்திரி என்ன சாப்பிடுவீங்க?"

"கடை மூடிட்டு வந்து... புரோட்டா."

"தொட்டுக்க?"

"சால்னா. கொஞ்சம் ஊறுகாய்."

"அதான் உடம்புல பித்தம் ஏறிக் கெடக்கு." கசப்பா ஒரு கஷாயம் கொடுத்தாங்க. வேம்பும் நன்னாரியும் போட்டது. படுக்கப் போகும்போது திரிபலா. புரோட்டா கூடாது, நேரத்துக்குத் தூங்கணும், பாசிப்பயறு மாவு போட்டு மூஞ்சி கழுவினாப் போதும். கடைசியா... "பருவுல கை வைக்கக் கூடாது."

"நான் எங்கேம்மா கை வைக்கிறேன்?"ன்னார். சொல்லும்போதே கை எங்க இருக்கு? தாடையில!

கஷாயம் குடிச்சார். முகத்தைச் சுளிச்சுக்கிட்டு, டாக்டரம்மாவைத் திட்டிக்கிட்டு, ஆனா விடாமக் குடிச்சார். புதுசா வர்ற பரு கொறைஞ்சுது. தழும்பு மட்டும் போகல. திரும்ப ஓடினார். "உங்க மருந்து வேலையே செய்யல!"

டாக்டரம்மா அமைதியாச் சொன்னாங்க: "மருந்து வேலை செய்யுது. உங்க நகமும் வேலை செய்யுது. பரு தானா வந்துச்சு, தானாப் போயிருக்கும். இந்தக் கறுப்பு எல்லாம் நீங்க கிள்ளிக் கிள்ளிப் போட்டது."

அந்த நேரத்துல தவசி புது வீடு கட்டிப் பால் காய்ச்சுறான். பத்திரிகை வைக்க வந்தான். இவர் உள்ரூமை விட்டு வெளியவே வரல. அவன் போனதும் சொன்னார்: "நான் வரமாட்டேன். நீயும் போகக் கூடாது. அவன் என்னை என்ன கேட்டான் தெரியுமா?"

செண்பகவல்லிக்கு ஒரே தம்பி. கண்ணுல தண்ணி வந்துடுச்சு. தொடைச்சுக்கிட்டே சொன்னாங்க: "தெரியும். தெனமும் சொல்றீங்களே! அவன் ஒரு தடவைதாங்க சொன்னான். மிச்சமெல்லாம் நீங்க சொன்னது. டாக்டரம்மா மூஞ்சியை மட்டுமாங்க கிள்ளாதீங்கன்னாங்க?"

பால் காய்ச்சுற அன்னைக்கு விடியக்காலம், மாசிலாமணிதான் முதல்ல குளிச்சுட்டு, சட்டையைப் போட்டுக்கிட்டு, "இன்னும் கிளம்பலையா நீ?"ன்னு வாசல்ல நின்னு சத்தம் போட்டார்.

புது வீட்டு வாசல்ல தவசி ஓடி வந்து கையைப் பிடிச்சுக்கிட்டான். "மாமா... எதுக்கு மாமா எங்கிட்ட பேசாம இருந்தீங்க?"

"பொங்கலுக்குப் பந்தியில என்னை என்னடா கேட்ட?"

அவன் முழிக்கிறான். "நானா? என்ன மாமா கேட்டேன்?"

பாத்தீங்களா... சொன்னவனுக்கு ஞாபகமே இல்ல! வடையோட சேத்து முழுங்கிட்டுப் போயிட்டான். இவர் இங்க புண்ணைக் கிளறிக்கிட்டு ராத்தூக்கம் இல்லாமக் கெடந்திருக்கார்! என்ன பண்ணுவார்? சிரிச்சார். "ஒண்ணுமில்ல மாப்ள, காபியைக் கொண்டா"ன்னார்.

மாசிலாமணி மூஞ்சி கண்ணாடி மாதிரி ஆயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். பொய் எதுக்கு? பழைய தழும்பு மெதுவா வெளுக்குது. சிலது அப்படியேதான் இருக்கு. இப்பவும் எப்பவாவது ஒரு பரு வரும். வரும்... இருக்கும்... போயிடும்.

அய்யாமாரே, அம்மாமாரே... குடும்பம்னா வார்த்தை வரத்தான் செய்யும். மாமியார் ஒண்ணு சொல்லும், மருமக ஒண்ணு சொல்லும், மச்சான் ஒண்ணு உளறுவான். யார் வீட்டுல வரல? என் வீட்டுல வரலையா? வந்த வார்த்தை தழும்பா மாறுதே, அது யார் பண்ற வேலை? சொன்னவனா? இல்ல சாமி... கிள்ளுறவன்!

கூட்டம் முடிஞ்சு வீட்டுக்குப் போற வழியில, வண்டியில பின்னாடி உக்காந்திருக்குற அம்மா ஆரம்பிப்பாங்க: "அந்த ஆளு உங்களைப் பாத்துத்தான் சொன்னாரு." ஆமாம்மா... உங்களையும் பாத்துத்தான் சொன்னேன்.

விட்டுடுங்க!