சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டாத கேசட்

பத்துக்கு ஏழு என்பது மோசமான மார்க் இல்லை, ஐயா. பலர் அப்படி நினைத்துக்கொள்கிறார்கள். ஏழு என்றால் கேம் நன்றாக இருக்கிறது, தாராளமாக வாங்கலாம், ஆனால் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆட வேண்டாம் என்று அர்த்தம். நான் பெரும்பாலும் ஏழுதான் போட்டேன். மனம் இளகினால் ஏழரை. அதனால் வாடிக்கையாளர்கள் எனக்கு 'ஏழரை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வாசலில் நின்று "ஏழரை இருக்காரா?" என்று கேட்பார்கள். "இருக்கு, உள்ள வாங்க" என்று நானே பதில் சொல்வேன். அந்தப் பெயருக்கு நான் எவ்வளவு பொருத்தம் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

என்னுடையது பழைய வீடியோ கேம் கடை. டிவியில் மாட்டி ஆடும் பெட்டிகள், அவற்றில் செருகும் கேசட்டுகள், இப்போது யாரும் தயாரிக்காதவை. வீடு மாற்றுகிறவர்கள் பரணைக் காலி செய்யும்போது அட்டைப்பெட்டியோடு தூக்கிவந்து தருவார்கள். நான் தூசி தட்டி, முனைகளை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம்வரை ஆடிப் பார்ப்பேன். பிறகு நீல மையில் மார்க் எழுதிய சீட்டைக் கேசட்டின் முதுகில் ஒட்டுவேன். கடையின் இணையப் பக்கத்திலும் ஒரு பக்கத்துக்கு எழுதுவேன்: கைப்பிடிக்கு எப்படி இணங்குகிறது, இசை எப்படி, எங்கே அலுப்புத் தட்டுகிறது என்று. முடிக்காத கேமுக்கு மார்க் கிடையாது. பாதிப் பந்தியில் எழுந்து வந்து சமையலைக் குறை சொல்லக்கூடாது அல்லவா? நான் நேர்மையான ஆள் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. இதை உங்கள் முன்னால் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

என் தங்கையின் கணவர் பஸ் டிரைவர். ஒருநாள் பணிமனையில், நல்லவேளையாக வண்டியை விட்டு இறங்கிய பிறகு, வலிப்பு வந்து விழுந்தார். அடுத்த முறை வீட்டில், டிவியில் ஏதோ ஆட்டம் பாட்டத்தில் விளக்குகள் வெட்டி வெட்டி எரிந்தபோது வந்தது. டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாத்திரை தவறக்கூடாது, பளிச் பளிச்சென்று வெட்டும் வெளிச்சத்தைப் பார்க்கவே கூடாது, அதுவும் கிட்டத்தில் கூடவே கூடாது, ஸ்டியரிங்கை மறந்துவிட வேண்டும். மனிதர் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவரைக் கடைக்குக் கூப்பிட்டது நான்தான். கடை கீழே, அவர்களும் அவர்கள் மகளும் இருக்கும் வீடு மாடியில். நான் கடைக்குப் பின்னால் உள்ள அறையில் தனிக்கட்டை.

வலிப்புக்காரரையா வீடியோ கேம் கடையில் உட்காரவைத்தாய் என்று நீங்கள் கேட்கலாம். தங்கையும் அதையேதான் கேட்டாள். அதற்காக ஓர் ஏற்பாடு செய்தேன். எந்தக் கேசட்டானாலும் முதலில் நான் முழுவதும் ஆடி முடிப்பேன். திரை வெட்டும் காட்சி ஒன்றே ஒன்று இருந்தாலும் அதில் வட்டமான சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவேன். சிவப்பு இருந்தால் அவர் தொடமாட்டார். இன்னொன்றும் செய்தேன். பழைய கைப்பிடிகளின் ஒயர் குட்டை. ஆடுகிறவர் டிவியின் மூக்கடியில் உட்கார வேண்டியிருக்கும். ஆகவே நானே சால்டர் வைத்து ஒரு நீட்டு ஒயர் செய்துகொடுத்தேன். அவர் அறையின் மறுகோடியில் நாற்காலி போட்டு, விளக்கையும் எரியவிட்டு ஆடுவார். "அண்ணா, நீ இல்லன்னா இவர் என்ன ஆயிருப்பாரோ" என்று தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதையெல்லாம் நான் மனதாரத்தான் செய்தேன், ஐயா.

மாப்பிள்ளை பச்சைப் பேனாவில் மார்க் போட ஆரம்பித்தார். பக்கம் பக்கமாக எழுதமாட்டார், ஒரு வரிதான். 'அண்ணன் தம்பி சண்டையா? ரெண்டு பேரா ஆடவும்.' 'மழை நாளுக்கு நல்லது.' 'அவசரக்காரங்க எடுக்க வேண்டாம், இது சாதா வண்டி, எல்லா ஸ்டாப்பிலும் நிக்கும்.' கடைக்கு வருகிறவர்களிடம், "எங்க இறங்கணும்?" என்று கேட்பார். அவர்கள் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் மனதில் உள்ளதைச் சொல்லிவிடுவார்கள். வேலை போன ஒருவரிடம் ஒரு கேசட்டைக் கொடுத்து, "இதுல தோக்கவே முடியாது சார். ஒரு வாரம் தோக்காம இருந்துட்டு அப்புறம் வாங்க" என்றார். அந்த மனிதர் ஒரு வாரம் கழித்துத் தன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். நான் அந்தக் கேமுக்கு ஆறு போட்டிருந்தேன்.

கொஞ்ச நாளில் என் மார்க்கை யாரும் பார்ப்பதில்லை. "ஏழரை கெடக்கட்டும், பச்சை என்ன சொல்லுது?" என்பார்கள், என் முகத்துக்கு நேராகவே. கிண்டலாகத்தான் சொன்னார்கள். நானும் கூடச் சிரித்தேன். விவரம் தெரிந்த நாள் முதல் இந்தப் பெட்டிகளோடு கிடந்தவன் நான். அவர் நேற்று வந்தவர்.

தபால்காரன் ஒருவன் மலைக்கிராமங்களுக்குச் சைக்கிளில் போகும் கேம் ஒன்று வந்தது. ஆடும்போதே தெரிந்தது, இது மாப்பிள்ளைக்கென்றே செய்தது மாதிரி இருக்கிறது, இதற்கு அவர் எழுதப்போகும் ஒரு வரியைக் கடையே ஒரு மாதம் பேசும் என்று. அதில் ஒரு மின்மினி வெளிச்சம்கூட இல்லை. நான் சிவப்பு ஒட்டினேன். யாருக்கும் தீங்கில்லாத பொய், அதிகப்படியான எச்சரிக்கை, அவ்வளவுதான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவருக்குப் பிடிக்கும் என்று தோன்றிய கேம்களுக்கெல்லாம் ஒட்டினேன்.

பிடிபட்டது தங்கையிடம். ஒரு வாடிக்கையாளர் கடையிலேயே உட்கார்ந்து அந்தத் தபால்காரன் கேமை ஆடி முடித்தார். பெருக்க வந்தவள் துடைப்பத்தைப் பிடித்தபடி முழுவதும் பார்த்தாள். "இதுல எங்கண்ணா வெட்டுது?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை குறுக்கே வந்தார்.

"விடும்மா. மச்சானுக்கு என் மேல அவ்வளவு பயம். எங்கம்மாகூட எனக்காக இப்படிப் பயந்ததில்ல."

அவர் நிஜமாகவே அப்படி நினைத்தார். என்னைப் பார்த்துக் கண்கலங்கச் சிரித்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. அன்று முழுக்க என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இனிமேல் பொய்யாக ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை என்று முடிவு செய்தேன்.

அதற்கப்புறம்தான் கலங்கரை விளக்கம் வந்தது. கேமின் பெயர் அதுவல்ல, அட்டை கிழிந்திருந்தது, நாங்கள் அப்படிக் கூப்பிட்டோம். ஒரு கிழவர் கடலோரக் கோபுரத்தில் தனியாக விளக்கைப் பார்த்துக்கொள்கிறார். கப்பல்கள் வருகின்றன, போகின்றன. கடைசிக் கட்டம் புயல். விளக்கு அணையாமல் கைப்பிடியை விடாது அழுத்த வேண்டும். மின்னல் வெட்ட வெட்டத் திரை முழுவதும் வெள்ளையும் கறுப்புமாக மாறிக்கொண்டே இருக்கும். என் கண்ணிலேயே நீர் கொட்டியது. விளக்கு அணைந்தால் ஒரு புல்லாங்குழல், குழந்தையைத் தூங்கவைப்பது மாதிரி, பொத்தானை அழுத்தும்வரை திரும்பத் திரும்ப வாசிக்கும். அந்தக் குழலைப் பலமுறை கேட்ட பிறகே ஜெயித்தேன். ஜெயித்ததும் ஒன்பது போட்டேன். என் வாழ்க்கையில் போட்ட ஒரே ஒன்பது.

ஸ்டிக்கர் தாள் சட்டைப்பையில் இருந்தது. எடுத்தேன். ஒட்டினால் அவர் இதை ஆடமாட்டார், என் நீல ஒன்பது மட்டும் தனியாக நிற்கும். "ஏழரை ஒன்பது போட்டிருக்கு, மழை வரப்போகுது" என்று சிரிப்பார்கள். பச்சையில் ஒரு வரி இருந்தால்தான் நம்புவார்கள். மறுபடி சிவப்பு ஒட்டினால் தங்கை வேறு சந்தேகப்படுவாள். இப்படி எல்லாப் பக்கமும் யோசித்துத் தாளைத் திரும்பப் பைக்குள் வைத்தேன். ஒரு நல்ல கேமுக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்றுதான் வைத்தேன் என்று நேற்றுவரை எனக்கு நானே சொல்லிவந்தேன்.

கேசட்டைக் கையில் கொடுத்தபோது மாப்பிள்ளை சீட்டைப் பார்த்துவிட்டு என் நெற்றியில் புறங்கையை வைத்தார்.

"ஒன்பதா? மச்சான், உடம்பு கிடம்பு சரியில்லயா?"

"ஆடிப் பாருங்க மாப்ள. கடைசிக் கட்டம்தான் கேமே. கண்ண எடுக்காம ஆடணும்."

"சிவப்பு இல்லயே?"

"இல்ல."

அவர் நிதானமாக ஆடுகிறவர். ஒவ்வொரு நாளும் மதியம் மாடியில் கொஞ்சம் ஆடிவிட்டு, எங்கே நிறுத்தினார் என்று இறங்கிவந்து சொல்வார். "நாளைக்குப் புயல் வந்துடும் போலிருக்கு மச்சான்" என்று ஒருநாள் சொன்னார். மறுநாள் காலை நீட்டு ஒயரைக் கழற்றிக் கீழே கொண்டுவந்தேன். ஒரு வாடிக்கையாளரின் பெட்டியைச் சோதிக்க வேண்டும் என்றேன். அந்தப் பெட்டி சோதித்து அலமாரிக்கே போய்விட்டிருந்தது.

"ஒயர் இல்லாம எப்படி மச்சான்?"

"ஒரு நாள்தானே. கிட்ட உக்காந்து ஆடுங்க. சிவப்புதான் இல்லயே."

"அதுவும் சரிதான்" என்று சொல்லிப் படியேறினார். தங்கை பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலைக்குப் போயிருந்தாள், மகள் வகுப்பில் இருந்தாள்.

உங்கள் ஆட்கள் வந்தபோது, கல்லாவில் இருந்தேன், சத்தம் கேட்டு ஓடினேன் என்று சொன்னேன். டிவி வைத்திருந்த மேஜையின் விளிம்பு அவர் தலையில் பட்டிருந்தது. ஆம்புலன்ஸ் வந்தபோது உயிர் இல்லை. கேசட்டில் சிவப்பு ஸ்டிக்கர் இருந்ததை உங்கள் ஏட்டுதான் முதலில் கவனித்தார். "எச்சரிக்கை ஒட்டியும் ஆடியிருக்காரே" என்று வருத்தப்பட்டு என் தோளைத் தட்டினார். அந்த ஸ்டிக்கரை நான் அவர் தரையில் கிடந்தபோது ஒட்டினேன், ஐயா. பெட்டியிலிருந்து கேசட்டை உருவி, ஒட்டி, மறுபடி செருகினேன். போன் செய்தது அதற்குப் பிறகு. அவருக்கு அப்போது மூச்சு இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒட்ட முடியாது என்று தெரிந்துதான் பார்க்கவில்லை.

அதோடு முடிந்திருக்கும். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. தங்கை அழுவாள், நானும் கூட உட்கார்ந்து அழுவேன், காலம் போகும் என்று நினைத்தேன். ஆனால் அவள் அழவில்லை. அவளுக்குக் கோபம். முந்தாநாள் கடைக்கு வந்து அவருடைய பச்சைப் பேனாவைக் குப்பையில் போட்டாள். யாரோ ஒரு வாடிக்கையாளர் நின்றுகொண்டிருந்தார், அவர் முன்னாலேயே சொன்னாள்.

"நீ கண்ணு முழிச்சு ஆடி, ஒவ்வொண்ணா ஒட்டி வச்ச. அந்த மனுஷனுக்கு ஒரு ஸ்டிக்கர மதிக்கத் தெரியல. நானும் பிள்ளையும் இருக்கோம்னு நெனைக்கல. உங்கப்பாவுக்கு நம்மளவிட கேம்தான் பெருசா போச்சுன்னு அவகிட்ட சொல்லிட்டேன்."

"அப்படிச் சொல்லாத" என்றேன்.

"நீ ஏண்ணா அவருக்குப் பரிஞ்சு பேசற? சாகும்போதும் உன் பேச்ச மதிக்காதவரு." பிறகு குரல் தாழ்த்தி, "நீயாவது எங்களுக்கு இருக்கியே" என்றாள்.

சிவப்பு இருந்தால் அந்த மனிதர் தொட்டே இருக்கமாட்டார். அது எனக்கு மட்டும்தான் தெரியும். கட்டியவளே அவரைக் காறித் துப்பும்படி செய்துவிட்டேன். குப்பைக் கூடையிலிருந்து பேனாவை எடுத்துத் துடைத்தேன். என் கை அதைப் பிடிக்கக் கூசியது. கொலையைவிட இந்த இரண்டாவது காரியம் என்னை அதிகம் வெட்கப்படவைக்கிறது. அதற்காகத்தான் வந்தேன். அவர் ஸ்டிக்கரை மீறவில்லை என்று எழுதி, உங்கள் கையெழுத்தோடு என் தங்கையிடம் கொடுங்கள். நான் சொன்னால் அண்ணன் பாசத்தில் சொல்கிறேன் என்பாள்.

அப்படியானால் சத்தம் கேட்டு ஓடினேன் என்றாயே, அது என்ன என்று கேட்கிறீர்கள். அது மிச்சம் இருக்கிறது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் கல்லாவில் இல்லை. அவர் ஏறிய கொஞ்ச நேரத்தில் நானும் ஏறினேன். கதவு ஒருக்களித்திருந்தது, நான் மாடிப்படியில் இந்தப் பக்கம் நின்றேன். ஒரு கேமை முடித்தவனுக்குத் திரையைப் பார்க்க வேண்டியதில்லை. இசையை வைத்தே எந்தக் கட்டம் என்று சொல்லிவிடலாம். கப்பல்கள் வரும் இசை முடிந்தது. காற்று ஆரம்பித்தது. அதன் பிறகு இடி வருவதற்கு முன்னால் ஒரு சின்ன நிசப்தம் உண்டு. "மாப்ள, நிறுத்துங்க" என்றால் போதும். இரண்டு வார்த்தை. நான் சொல்லவில்லை. இடி வந்தது. கதவிடுக்கில் வெளிச்சம் வெட்டி வெட்டி என் செருப்பில் விழுந்தது. நாற்காலி சரிந்த சத்தம் கேட்டது. இன்னும் ஏதேதோ சத்தம் கேட்டது. அப்புறம் புல்லாங்குழல்.

பொத்தானை அழுத்த யாரும் இல்லாததால் அது மறுபடியும் மறுபடியும் வாசித்தது. நான் நின்றபடி கேட்டேன். முதலில் எனக்குப் பயம் வரவில்லை. பாவம் என்றும் தோன்றவில்லை. நான் தாண்டிய கட்டத்தை அவர் தாண்டவில்லை என்பதுதான் மனதில் வந்தது. சந்தோஷமாக இருந்தது, ஐயா.