பொங்கியண்ணன் தோட்டத்தைக் கடைசியில்தான் வெட்டுவோம்

அர்த்தநாரி மாமாவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு மாசி மாதம். காரில் வந்திருந்தார். இறங்க முடியவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"பொங்கியண்ணன் தோட்டம் வெட்டியாச்சா?"

"இன்னும் இல்லீங்க மாமா."

"விதை மஞ்சளை மூடியாச்சா?"

"மூடலீங்க. நாளைக்குத்தான்."

"அப்பச் சரி. மூடாம வெட்டிராதீங்க."

அவ்வளவுதான். முகத்தில் அப்படியொரு நிம்மதி. பங்குனி பிறக்கும் முன்னே போய்விட்டார். நாலு ஊரில் மஞ்சள் மண்டி வைத்தவர், லாரி லாரியாக மஞ்சளை வடக்கே அனுப்பியவர். போகும்போது கேட்டது ஒரு சின்னத் தோட்டத்தைப் பற்றித்தான். ஏன் கேட்டார் என்பது என் வீட்டுக்காரி சொல்லி எனக்குத் தெரியும். பொங்கியண்ணன் பெண்சாதி பாவாயி அவளுக்குப் பெரியத்தை. இப்போது என் வீட்டுக்காரியும் இல்லை, அதனால் நான் சொல்கிறேன்.

வாய்க்காலுக்குப் பாலம் கட்டாத காலம் அது. இந்தச் சேந்தம்பள்ளத்திலே வருசா வருசம் மஞ்சளுக்கு அழுகல் நோய் வந்ததாம். வெட்டினால் பாதி கிழங்கு, பாதி சேறு. அப்போது அர்த்தநாரி இளவட்டம். வண்டி கட்டிக்கொண்டு எங்கெங்கோ போய், நோய் தாங்குகிற விதை மஞ்சள் கொண்டுவந்தாராம். வீட்டுக்கு வீடு கொடுத்தாராம். "இதைப் போடுங்க. விளைஞ்சதை ஒண்ணாச் சேர்த்து ஒரே விலைக்கு விப்போம்" என்றாராம்.

விளைந்தது. நன்றாகவே விளைந்தது. எல்லாரும் வெட்டினார்கள். விதைக்கு வேண்டியதை எடுத்து, அர்த்தநாரி களத்துப் புளியமரத்தடியில் ஒரே குவியலாகப் போட்டார்கள். மிச்சத்தை விற்பதற்காகக் களத்தின் மறுபக்கம் கொப்பரையில் வேகவைத்தார்கள். விதைக் குவியலின் மேல் மஞ்சள் செடியின் காய்ந்த இலையைப் பரப்பி மண்ணும் சாணியும் குழைத்துப் பூசி மூட வேண்டும். மூடவில்லை. ஏன்? பொங்கியண்ணன் பங்கு வரவில்லை.

பொங்கியண்ணன் அப்படித்தானாம். ஊரே அறுத்து முடித்தால் இவர் அரிவாளைத் தேடுவாராம். அர்த்தநாரி அவர் தோட்டத்துக்கே போய்க் கேட்டாராம்.

"ஏன் மாப்பிள்ளை, உன் மஞ்சள் என்ன அடை காக்குதா?"

வேப்பமரத்து நிழலில் படுத்தபடி இவர் சொன்னாராம்: "மண்ணுக்குள்ள இருக்கிறது எங்க மாமா போயிரும்?"

"நீ எந்திரிக்கறதுக்குள்ள அது முளைச்சிரும்."

"முளைச்சா நல்லதுதானுங்க. நடற வேலை மிச்சம்."

அர்த்தநாரி தலையில் அடித்துக்கொண்டு வந்துவிட்டாராம்.

அந்த நேரத்தில் வடக்கத்தி வியாபாரி ஒருவர் வருவதாகச் சேதி வந்தது. முதல் பெரிய வியாபாரம். அவரை அழைத்துவர அர்த்தநாரி கோட்டுப் போட்டுக்கொண்டு வண்டி ஏறிவிட்டார். கொப்பரைக்காரர் ராக்கியப்பன் வெளியூர் ஆள். வண்டிக்குப் பின்னாலேயே ஓடி வந்து கேட்டாராம்.

"ஏனுங்க, மரத்தடியில கெடக்கிறதையும் கொப்பரையில ஏத்திரலாமுங்களா?"

அர்த்தநாரிக்கு வியாபாரி ஞாபகம். கோட்டுப் பாக்கெட்டைத் தடவிக்கொண்டே, "களத்துல கெடக்கிறது எல்லாத்தையும் ஏத்துப்பா, எல்லாத்தையும்" என்றாராம். மாடு நடந்துவிட்டது.

பொழுது சாய வியாபாரியோடு திரும்பி வந்தார். புளியமரத்தடி வெறும் தரை. களம் முழுக்க ஆவி பறக்கிறது. ஒரு விரலி மஞ்சளை எடுத்து நசுக்கினாராம். மெத்தென்று நசுங்கியது. வெந்த மஞ்சள் முளைக்காது. வாங்கிவந்த ஊரிலும் அந்த வருசம் விதை இல்லை என்று முன்னமே ஆள் சொல்லியாயிற்று. வியாபாரியை மறந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாராம்.

ஊர் கூடியது.

"எங்க விதையைக் கொழம்பு வெச்சிட்டீங்களே!" என்று ஒரு பெண் அழுதாளாம்.

"கோட்டுப் போட்டதும் வெதையும் தெரியல, வேவறதும் தெரியல" என்றாராம் ஒரு பங்காளி.

இன்னொருத்தர், "எல்லாம் அந்தப் பொங்கியண்ணனால. அவன் பங்கு வந்திருந்தா அன்னைக்கே மூடியிருப்போம். கூட்டியாங்கடா அவனை!" என்று கத்தினாராம்.

கூட்டிவர வேண்டியிருக்கவில்லை. பாவாயி புருசனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாளாம்.

"இந்தாங்க, உங்க சோம்பேறி! திட்டறதுன்னா திட்டுங்க. நானும் கல்யாணம் ஆன நாளா அதைத்தான் பண்றேன். திட்டி முடிச்சுட்டு வந்து பாருங்க. எங்க தோட்டத்து மஞ்சள் ஒரு கிழங்கு வெட்டாம மண்ணுக்குள்ளயே கெடக்குது!"

களத்தில் யாரோ ஒருத்தர் சிரித்தாராம். அப்புறம் அழுத பெண் சிரித்தாளாம். அப்புறம் ஊரே சிரித்ததாம்.

அர்த்தநாரி சிரிக்கவில்லை. எழுந்தார். கோட்டைக் கழற்றினார். தோளில் இருந்த துண்டை இடுப்பில் கட்டினார்.

"மாப்பிள்ளை, உன் மஞ்சள் பூரா வேணும். விதைக்கு. கொடுத்தா இந்த வருசம் உனக்கு விக்க ஒண்ணும் இருக்காது. நான் கேக்கக் கூடாது. கேக்கறேன்."

பொங்கியண்ணன் யோசித்தாராம். எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்களாம்.

"எடுத்துக்குங்க மாமா. ஆனா ஒண்ணு."

"சொல்லு."

"நான் வெட்ட மாட்டேன்."

மறுநாள் விடிந்ததும் ஊரே அந்தத் தோட்டத்தில் இறங்கியதாம். முதல் கொத்து அர்த்தநாரி போட்டாராம். பொங்கியண்ணன் வரப்பில் உட்கார்ந்துகொண்டு, "பாத்து மாமா, விரலி ஒடியுது. கோட்டுப் போட்ட கைக்கு மம்பட்டி ஆகாது" என்றாராம். பாவாயி மோர் ஊற்றினாளாம். வந்த வியாபாரியும் ஒரு கூடை தூக்கினாராம்.

விதையை ஆளுக்குக் கொஞ்சம் பிரித்தார்கள். வீட்டுக்கு ஒரு கூடை வெந்த மஞ்சளைப் பொங்கியண்ணன் வாசலில் கொட்டினார்கள். அவர் சொந்தமாக விளைத்ததைவிட அது அதிகமாம். அடுத்த வருசம் பாதித் தோட்டத்தில் மஞ்சள். அதற்கடுத்த வருசம் எல்லாத் தோட்டத்திலும். அதற்கப்புறம்தான் மண்டி, லாரி, கார் எல்லாம்.

எத்தனை பெரிய ஆளானாலும் மாசியில் அர்த்தநாரி வந்துவிடுவார். ஊர் விதையைக் குவித்து மண் பூசி மூடுகிறவரை பொங்கியண்ணன் தோட்டத்தில் மம்பட்டி படக்கூடாது. மூடின பிறகு ஊர்தான் போய் வெட்டித் தரும். தோட்டக்காரர் வரப்பில்தான் உட்கார வேண்டும். முதல் கொத்து அர்த்தநாரி வீட்டாருடையது.

இந்த மாசியிலும் விற்கிற மஞ்சள் எல்லாம் வெந்து களத்தில் காய்கிறது. விதைக் குவியலை இன்னும் மூடவில்லை. பொங்கியண்ணன் தோட்டமும் இன்னும் வெட்டவில்லை.