பல்லிக் கட்டுரையை மகிழ்ச்சியுடன் பகிர்ந்தது தொடர்பாக

என் பெயரும் கதவு எண்ணும் முகப்புத் தாளில் உள்ளன. வயது முப்பத்தேழு. கணவர், மாமியாருடன் வசிக்கிறேன். பல்கலைக்கழக விலங்கியல் துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். எங்கள் துறைத்தலைவர் என் மீது கொடுத்த அவதூறுப் புகார் குறித்து இணையக் குற்றப் பிரிவு ஆய்வாளர் அம்மையார் முன் ஆஜராகி, யாருடைய தூண்டுதலும் இன்றி இதைச் சொல்கிறேன்.

என் ஆராய்ச்சி வீட்டுப் பல்லிகள் பற்றியது. ஒரே விளக்கின் கீழ் இரண்டு பல்லிகள் இரையை எப்படிப் பங்கிட்டுக்கொள்கின்றன என்று எங்கள் சமையலறையிலேயே கவனித்துக் கட்டுரை எழுதினேன். அந்தக் காலம் முழுவதும் மாமியார் மின் அடுப்பைக் கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சமைத்தார். “டாக்டர் பட்டம் வாங்கின மருமகள்னு கூட்டிட்டு வந்தா பல்லிக்கு வீட்டை எழுதி வச்சிட்டா” என்று அக்கம்பக்கத்தில் சொன்னாரே தவிர, விளக்கை ஒருநாளும் அணைக்கவில்லை. நான் அப்போது ஒப்பந்தப் பணியில் இருந்தேன். நல்ல ஆய்விதழில் ஒரு கட்டுரையாவது வந்தால்தான் வேலை நிரந்தரம், இல்லையேல் கல்வியாண்டு முடிவில் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அதன் பிறகு கட்டுரையைத் துறைத்தலைவரிடம் கருத்துக் கேட்டு மின்னஞ்சலில் அனுப்பினேன். “இன்னும் கொஞ்சம் ஆழம் வேணும்மா” என்றார். நான் ஆழப்படுத்திக்கொண்டிருந்தபோது அது வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றில் அவர் பெயரில் வெளியானது. தலைப்பு, படங்கள், என் தட்டச்சுப் பிழைகள் எதுவும் மாறவில்லை. கடைசியில் இருந்த நன்றிப் பகுதியும் மாறவில்லை. அதில் ‘சமையலறையைப் பல்லிகளுக்கு விட்டுக்கொடுத்த என் மாமியாருக்கு நன்றி’ என்று இருந்தது. துறைத்தலைவருக்குத் திருமணம் ஆகவில்லை.

அதன் பிறகு நேரில் போய்க் கேட்டேன். “துறைங்கறது ஒரு குடும்பம்மா. யார் பேர்ல வந்தா என்ன?” என்றார். “அப்ப என் பேர்லயே வந்திருக்கலாமே சார்?” என்றேன். “உன் பேர் யாருக்கும்மா தெரியும்?” என்றார்.

துறையில் அனைவரும் வாரம் ஒரு பதிவு சமூக ஊடகத்தில் போட வேண்டும் என்பது துறைத்தலைவரின் சுற்றறிக்கை. பதிவு ‘மகிழ்ச்சியுடன் பகிர்கிறேன்’ என்று தொடங்க வேண்டும். அடுத்த வரியில் துறைத்தலைவருக்கு நன்றி. குறை சொல்லும் தொனி கூடாது. கூப்பிய கைகளின் படத்தில் முடிய வேண்டும். மற்றவர்கள் மாலைக்குள் வாழ்த்த வேண்டும். வாழ்த்தினால் ஆண்டு மதிப்பீட்டில் புள்ளி உண்டு. படித்தால் புள்ளி இல்லை. மாணவர்கள் அவரை ‘வாழ்த்துகள் சார்’ என்றுதான் அழைப்பார்கள்.

மேற்படி சுற்றறிக்கைக்குக் கட்டுப்பட்டு அந்த வாரப் பதிவாக நான் எழுதியது: ‘மகிழ்ச்சியுடன் பகிர்கிறேன். என் பல்லிக் கட்டுரையைத் தம் பெயரில் வெளியிட்டுக்கொண்ட துறைத்தலைவர் அவர்களுக்கு நன்றி. என் மாமியாரைத் தம் மாமியாராகவே ஏற்றுக்கொண்ட பெருந்தன்மைக்குத் தலைவணங்குகிறேன்.’ கீழே இரு பிரதிகளின் பக்கங்களையும் என் மின்னஞ்சலையும் இணைத்தேன். கூப்பிய கைகளையும் விடவில்லை.

அதன் பிறகு வாழ்த்துகள் வந்தன. இயற்பியல் துறை ‘பெருமைமிகு தருணம்’ என்றது. பதிவாளர் ‘இது தொடர வேண்டும்’ என்றார். துணைவேந்தர் ‘இதுவே நம் பல்கலைக்கழகத்தின் பண்பாடு’ என்று எழுதினார். மாலையில் துறைத்தலைவரின் கணக்கிலிருந்தே பதிவு பகிரப்பட்டது. மேலே ‘என் வழிகாட்டுதலில் நடந்தது. இதுபோல் இன்னும் பல செய்வேன்’ என்று இருந்தது. அதைப் பார்த்துப் பல்கலைக்கழகம் என் பதிவைத் தன் பக்கத்தில் எடுத்துப் போட்டு, எல்லாவற்றுக்கும் மேலே நிறுத்தியது.

வீட்டில் கணவர் சிரிப்பை அடக்க முடியாமல் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினார். மாமியார், “எனக்குப் பொண்ணே கிடையாது, எங்கிருந்துடா மாப்பிள்ளை வந்தான்?” என்றார்.

அதன் பிறகு, நம் மொழி தெரிந்த அந்த ஆய்விதழின் ஆசிரியர் ஒருவர் பதிவைப் பார்த்தார். அதை முழுவதும் படித்தவர் என்று நான் உறுதியாகச் சொல்லக்கூடிய முதல் ஆள் அவர். மேற்படி மாமியார் யார் என்று துறைத்தலைவரிடம் எழுதிக் கேட்டார். பதில் வராததால், கட்டுரையைத் திரும்பப் பெற்று, என் பெயரில் மறுபடி வெளியிட்டார்கள்.

அதன் பிறகு பணி நிரந்தரக் குழு கூடியது. தலைமை வகித்த துணைவேந்தர், “அன்னிக்கே வாழ்த்தியாச்சே, இவங்ககிட்ட இனிமே என்ன கேக்கறது?” என்றார். தேநீர் வருவதற்குள் என் வேலை நிரந்தரமாயிற்று. ஆணையைக் கையில் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன். மறுநாள் துறைத்தலைவர் இந்தப் புகாரைக் கொடுத்தார்.

இன்று விசாரணையில் அவரும் இருந்தார். அவருடைய பகிர்வை ஆய்வாளர் அம்மையார் உரக்க வாசித்து, “இதுல இருக்கறது உங்க வாசகம்தானே?” என்றார். “என் கணக்கை ஆராய்ச்சி மாணவர்தான் பாத்துக்கறார் மேடம்” என்றார் துறைத்தலைவர்.

“கட்டுரையும் நீங்க எழுதல. ஷேரும் நீங்க போடல. புகாரையாவது நீங்க எழுதினீங்களா சார்?”

அவர் தண்ணீர் கேட்டார். குடித்த பிறகு புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தார். அதை மட்டும் தம் கையாலேயே எழுதினார்.

வெளியே வராந்தாவில் என்னிடம், “அந்தப் பதிவை எடுத்துடும்மா, தங்கச்சியா நெனச்சுக் கேக்கறேன்” என்றார். “நான் எடுத்தாலும் பல்கலைக்கழகப் பக்கத்துல இருக்கே சார். அதை எடுக்கணும்னா துணைவேந்தர் முதல்ல படிக்கணும். போய் படிக்கச் சொல்லுங்க” என்றேன். அவர் வாசலோடு நின்றுவிட்டார். நான் புகார்க் கோப்பை முடிப்பதற்கான இந்த வாக்குமூலத்தைக் கொடுக்க உள்ளே வந்தேன்.

நான் சொன்னது சொன்னபடி எழுதப்பட்டுள்ளது. இதில் பொய்யோ பிறருடைய சொந்தச் சரக்கோ இல்லை. எங்கள் தொழிலில் வழக்கமில்லை என்றாலும், முழுவதும் படித்துப் பார்த்த பிறகே கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)
உதவிப் பேராசிரியர், விலங்கியல் துறை
(பணி நிரந்தரம்)