பியூப்ளோ வீட்டுக்காரம்மாவிடம் சொன்னது

— இல்லம்மா, அந்த வார்த்தையை மட்டும் போடாதீங்க. 'சார்ந்து வாழ்பவர்'னா என்ன அர்த்தம்? இவன் தயவுல நான் கிடக்கேன்னா?

— ரொவீனா மேடம், அது வரி ஆபீஸ் வச்ச பேரு. நான் சனிக்கிழமையானா இந்த லைப்ரரிக்கு வந்து காசு வாங்காம வரிப் படிவம் எழுதிக் குடுக்கிற ஆளு. இந்த ஹெல்மி மேல கோவிச்சுக்கிட்டு என்ன பண்றது?

— உங்க மேல எனக்கென்ன கோவம்? எல்லாம் இந்த டெல்பர்ட் மேலதான். இத்தனை வருஷமா பேக்கரியில மாவு பிசைஞ்சவ நான். போன வருஷம் முழுக்க முட்டி மடங்கலைன்னு வீட்ல உக்காந்தேன். அதுக்குள்ள என்னைக் கொண்டுபோய்க் குழந்தைங்க பேர் எழுதுற கட்டத்துல எழுதுறான்!

— ரோ, அதான் சொல்றேனே, வரி கொஞ்சம் குறையும். ஹீட்டரை மாத்திடலாம். இந்த துலூத் ஊர்க் குளிரு உன் முட்டிக்கு ஆகுதா?

— ஹீட்டருக்காகத்தானா?

— சரி, அதுக்கு மட்டும் இல்ல. நம்ம ரெண்டு பேர் பேரையும் ஒரே காகிதத்துல நான் பார்த்ததே இல்ல. கல்யாணத்துக்குத்தான் வருஷா வருஷம் மாட்டேன்னுட்ட. எந்தக் கட்டமா இருந்தா என்ன, என் பேருக்குக் கீழ உன் பேர் இருந்துட்டுப் போகட்டுமே.

— கேட்டீங்களா ஹெல்மி, இந்த வயசுல பேசுற பேச்சை! முன்னாடி ஒருத்தனுக்குக் கல்யாணப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். அந்த வாரமே என் சம்பளக் கவரைப் பிடுங்க ஆரம்பிச்சான். கோர்ட்டுல அவன்கிட்ட இருந்து விடுதலை வாங்கினப்பவே முடிவு பண்ணிட்டேன், இனிமே எந்தக் காகிதத்துலயும் யாருக்கும் பொண்டாட்டின்னு எழுதிக் குடுக்க மாட்டேன்னு. இவன் கேட்காத இடமில்ல. ஏரிக்கரையில கேட்டான். வாசல்ல பனி தள்ளிக்கிட்டே கேட்டான். பல்லைப் பிடுங்கிட்டு வந்து கோணவாயோட கேட்டான்.

— அப்பவும் மாட்டேன்னுட்டா.

— நீ பேசினது ஒண்ணுமே புரியலைய்யா.

— சரி சரி, நான் கேட்க வேண்டியதைக் கேட்டுடறேன். டெல்பர்ட் சார், வருஷம் முழுக்க ஒரே வீட்டுலதான் இருந்தீங்களா?

— இருந்தோம். இவளுக்கு வருமானம் ஒண்ணும் இல்ல. நான் ஸ்கூல் பஸ் ஓட்டுறேன், வீட்டுச் செலவு பூரா அதுலதான்.

— இதுக்கு முன்னாடி வேற எந்த மாநிலத்துலயாவது ஒண்ணா குடியிருந்தீங்களா?

— கொலராடோ. பியூப்ளோ ஊரு. நான் எஃகு ஆலையில, இவ ரோட்டோரச் சாப்பாட்டுக் கடையில. என்ன காலம் அது! தெரு முழுக்கப் பச்சை மிளகாய் சுடுற வாசனை.

— அது செப்டம்பர்ல மட்டும்தான். இவனுக்கு வருஷம் பூரா சுட்ட மாதிரி ஞாபகம். ஆனா அந்த மாடி வீடு நல்ல வீடும்மா. ஜன்னலைத் திறந்தா ஆலைப் புகை, அதுக்கு அந்தப் பக்கம் மலை. நைட் ஷிப்ட் முடிஞ்சு வரும்போது என்னை எழுப்பக் கூடாதுன்னு படியிலேயே பூட்ஸைக் கழட்டிட்டு வருவான். நான் தூங்குற மாதிரி படுத்திருப்பேன். அவன் வராம எனக்கு எங்க தூக்கம் வரும்?

— இதை நீ சொன்னதே இல்லையே, ரோ!

— எல்லாத்தையும் சொல்லிக்கிட்டே இருக்கணுமா?

— அந்த வீடு கிடைச்ச கதையைக் கேளுங்க ஹெல்மி. வீட்டுக்காரம்மா பேரு ஆர்ச்சுலெட்டா, பக்தின்னா அப்படியொரு பக்தி. கல்யாணம் ஆகாத ஜோடிக்கு வீடு இல்லைன்னுட்டாங்க. நான் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நிக்கிறேன். இவ டக்குனு என் கையைப் பிடிச்சு, "இவர் என் புருஷன்"னா! எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. மறுநாளே அடகுக்கடையில ஒரு மோதிரம் வாங்கிட்டு வந்தேன். அவளும் போட்டுக்கிட்டா. அந்த ஊரை விட்டு வர்ற வரைக்கும் தெருவுல, ஆலை விருந்துல, எங்க போனாலும் புருஷன் பொண்டாட்டிதான்.

— ஒரு நிமிஷம். மேடம், அப்பவே உங்க விவாகரத்து முடிஞ்சிருந்துதா?

— அதெல்லாம் எப்பவோ முடிஞ்சுது. ஏன்?

— அப்ப இந்தக் கட்டத்துல நான் கை வைக்க முடியாது, பொண்டாட்டி பேரை இதுல எழுதக் கூடாது. கொலராடோவுல காகிதமும் வேண்டாம், பாதிரியாரும் வேண்டாம். ரெண்டு பேரும் மனசார ஒத்துக்கிட்டு, ஊருக்கும் அப்படியே சொல்லி வாழ்ந்தா அதுவே கல்யாணம். இங்க குடிவந்துட்டதால அது இல்லைன்னு ஆயிடாது.

— என்னது? அப்ப நாங்க... ரோ!

— பொறுய்யா. இத்தனை வருஷமா தனித்தனி ஆளுன்னு எழுதின வரியெல்லாம்?

— திருத்த வேண்டி வரலாம். வக்கீல் ஒருத்தரையும் பார்த்துடுங்க, நான் வக்கீல் இல்ல. ஆனா வீடு கிடைக்கணும்னு சும்மா சொன்னதா இருந்தா அது கல்யாணம் ஆகாது. 'சார்ந்து வாழ்பவர்'னே போட்டுடலாம். சும்மா சொன்னதா, மனசாரச் சொன்னதான்னு நீங்கதான் சொல்லணும் மேடம்.

— ரோ, உன்னை யாரும் கட்டாயப்படுத்தல. வீட்டுக்காகத்தான் சொன்னேன்னு சொல்லிடு. எனக்கு அந்தக் கட்டமே போதும்.

— நீ கொஞ்சம் வாயை மூடு, டெல்பர்ட். எழுதிக்கோங்க ஹெல்மி. அந்தம்மாகிட்ட நான் சொன்னது நிஜம். அதுக்கப்புறம் இவன்கிட்ட வருஷா வருஷம் மாட்டேன் மாட்டேன்னு சொன்னேனே, அதுதான் பொய்.