நாலாவது கட்டம்

1996 அக்டோபர். உள்ளாட்சித் தேர்தல் நாள் காலை. அம்பத்தூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் கஸ்தூரி நிற்கிறாள். மண்ணூர்பேட்டையில் இருக்கும் தன் தாய்மாமன் அய்யாசாமியை அவருடைய பக்கத்து வீட்டு நம்பரில் கூப்பிடுகிறாள். சர்க்கரையால் அவருக்குப் பார்வை போய் மூன்று வருடம்.

ஹலோ... ஹலோ, ஷம்ஷாத் அக்காவா? நான் கஸ்தூரிக்கா... ஆமா ஆமா, அய்யாசாமி மாமாவோட அக்கா பொண்ணு. மாமாவ கொஞ்சம்... ஓ, உங்க ஊட்லயே வந்து ஒக்காந்துகினு கீறாரா? ... குடுக்கா.

மாமா... ம், நான்தான். டீ குட்ச்சியா? ... சட்டையெல்லாம் மாட்டிகினு ரெடியா? மணி இன்னும் எட்டுகூட ஆவலியே... இல்ல மாமா, கெளம்பல. அதுக்குத்தான் போன் பண்றேன். நான் வரல. ... ஒடம்பெல்லாம் நல்லாத்தான் கீது. ... புள்ளைங்களும் நல்லா கீதுங்க. நீ வேற யாரையாச்சும் கூட்டிகினு போயேன். ஷம்ஷாத் அக்கா கீது, எதிரூட்டு வேம்புலி அண்ணன் கீறாரு...

இல்ல மாமா, மேயரு மெட்ராசுக்கு. நமக்கு சேர்மன். ரெண்டு பேப்பர் குடுப்பாங்க. சேர்மனுக்கு ஒண்ணு, வார்டு கவுன்சிலருக்கு ஒண்ணு. கலரு வேற வேற. யாரு கூட வந்தாலும் குத்திக் குடுப்பாங்க, நான்தான் வரணும்னு இன்னா... அப்டி சொல்லாத. ... ஐயோ, அப்டி சொல்லாத மாமா! என்ன நம்பறேன்லாம் சொல்லாத. நான் சொல்றத கொஞ்சம் கேளு.

மே மாசத்துல ஓட்டு போட ஸ்கூலுக்கு உன் கையப் புடிச்சிகினு போனேனே... ஆமா, அன்னிக்குத்தான். எம்.எல்.ஏ. பேப்பர்ல குடத்துல குத்துன்னு சொன்ன இல்ல? ... நான் குத்தல. ... ஹலோ? ... குடத்துல குத்தல மாமா. எங்க ஊட்டுக்காரரு சொன்ன சின்னத்துல குத்திட்டேன்.

மாமா? ... கீறியா? ...

குத்திட்டியான்னு கேட்ட. குத்திட்டேன் மாமான்னு சொன்னேன். என் தலைய தடவுன. அப்புறம் வாசல்ல நின்னுகினு, கண்ணு போனா இன்னா, என் ஓட்ட நான் போட்டுட்டேன்னு எல்லார்கிட்டயும் சொன்ன. நான் பக்கத்துலயே நின்னுகினு இருந்தேன்...

ம். அவருதான் சொன்னாரு. கெழவனுக்கு இன்னா தெரியப் போவுது, ரெண்டு ஓட்டா போட்டுட்டு வான்னு. ... அடிக்கல மாமா. மெரட்டலாம் இல்ல. சும்மா சொன்னாரு, நானும் போயிட்டேன். அவரு மேல பழிய போட முடியாது. ஓட்டு குத்தற தடுப்புக்குப் பின்னால அவரு எங்க வந்தாரு? நீயும் நானும்தான் இருந்தோம். ... ஆமா. அஞ்சு மாசமா நான் வராததும் அதனாலதான். புள்ளைங்களுக்குப் பரிச்சைன்னு சொன்னதுகூட பொய்.

கத்தேன் மாமா. இன்னாத்துக்கு இப்டி மெல்ல பேசற? ... அவரு சொன்ன சின்னம்தான் ஜெயிச்சுது. நெறைய ஓட்டு வித்தியாசம். ... இல்ல இல்ல, அதனால ஒண்ணும் ஆவலன்னு நான் சொல்ல வரல. உன்னோடது ஒண்ணே ஒண்ணு. அத நான் எடுத்துகினேன்.

... இன்னா? தனியாவா? நீயேவா? ... போலாம் மாமா. யாரும் வேணாம், நானே குத்தறேன்னு சொல்லிடு. ... இரு இரு, சொல்றேன். சேர்மனுக்கு யாரு? ... தபால் பெட்டியா? நோட்டீசு பையில கீது, ஒரு நிமிசம்... ம். மொத்தம் ஏழு பேரு. தபால் பெட்டி மேலேர்ந்து நாலாவது கட்டம். பேப்பர் குடுக்கும்போது மேல் பக்கம் எதுன்னு ஆபீசர கேட்டுக்கோ. ஒரு கட்டம் எத்தினி விரக்கடைன்னு தொட்டுக் காட்டச் சொல்லு. அப்புறம் நீயே அளந்துக்கலாம். இருவது வருசம் லேத்து மிசின்ல வேல செஞ்ச கை அது... சரி, சரி. பேசல. குத்துனதும் மேலயும் கீழயும் மடிக்காத, மை அடுத்த கட்டத்துல ஒட்டிக்கும், செல்லாம பூடும். மொதல்ல நெட்டுவாக்குல மடி. ... ஆமா, நீட்டமா. வார்டு பேப்பரும் அதே மாதிரிதான், எத்தினியாவது கட்டம்னு மட்டும் அங்க கேட்டுக்கோ.

இன்னா மாமா? ... ஓ. ... கேளு. ஷம்ஷாத் அக்காவயே கேளு. ஸ்கூல் வாசல்ல லிஸ்டு ஒட்டியிருப்பாங்க, நாலாவதுதானான்னு அவங்க படிச்சு சொல்லட்டும். ... கோவம்லாம் இல்ல. நான் சொன்னத அப்டியே நீ நம்பக் கூடாதுதான்.

... என்னுதா? மே மாசத்துல என் ஓட்டா? ... ...

இல்ல மாமா. அதுவும் அவரு சொன்னதுதான். ... கல்யாணம் ஆனதுலேர்ந்து அப்டித்தான். ... இன்னிக்கா? பத்து மணிக்கு வந்து கூட்டிகினு போறேன்னாரு. சின்னத்தகூட சொல்லிட்டாரு. ... தெரியல. ... தெரியல மாமா, கேக்காத.

... ம். ... ம். தடுப்புக்குள்ள நான் ஒத்தையாத்தான் நிப்பேன். ... ஆமா மாமா. ... ஆமா. எனக்குக் கண்ணு தெரியுது.

... நான் வாசல் வரைக்கும் வரட்டா? உள்ள வரமாட்டேன், கேட்டாண்டயே நின்னுகினு... வேணாமா? ... சரி. ... சரி மாமா, இன்னிக்கு வேணாம். ... ஞாயித்துக்கெழமயா? வரேன். புள்ளைங்களயும் இட்டுகினு வரேன். ...

இல்ல. யாருக்குப் போட்டேன்னு அன்னிக்கு நீ கேட்டாலும் சொல்லமாட்டேன். ... அவர்கிட்டயும்தான்.

வெச்சிடு மாமா. கியூ நீண்டுகினு பூடும், போ.