ஏரிக் கணினியின் கோளாறு

டீ ஊற்றுவதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் நாரின் மலைநாட்டில் வயதில் சின்னவள்தான் ஊற்ற வேண்டும். பாதிக் கிண்ணம் ஊற்றினால் மரியாதை. தளும்ப ஊற்றினால் எழுந்து போ என்று பொருள். பொறியியல் பட்டத்தோடு ஏரிக் கண்காணிப்பு நிலையத்தில் சேர்ந்து மூன்று வருடமாகப் பாதிப் பாதியாகத்தான் ஊற்றினேன். எங்கள் வீட்டில் பள்ளியைத் தாண்டிய முதல் ஆள் நான்.

பனி உருகி மலைமேல் தேங்கும் ஏரியின் நீர்மட்டத்தைப் பின்னறையில் ஒரு கணினி பார்த்துக்கொண்டிருக்கும். மட்டம் கோட்டைத் தாண்டினால் கீழே கிராமத்தில் அபாயச் சங்கு ஊதும். மே மாதத்திலிருந்து அந்தக் கணினி வாரம் இரண்டு முறை நீலத்திரை காட்டிப் படுத்துக்கொண்டது. நிலையத் தலைவர் சகின்பெக்கின் அக்கா மகன் துர்சுன் வந்து டிரைவர் மென்பொருளை மறுபடி நிறுவுவான். மூன்று நாள் ஓடும். அதற்கே அவனுக்குப் பாராட்டு.

நான் கணினியின் பிழைப் பதிவுகளைப் படித்தேன். கேபிளை மாற்றிப் பார்த்தேன், வேறு துளையில் செருகிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் டிஸ்கின் ஒரே பகுதியில்தான் விழுந்தது. படிக்க முடியாத இடங்கள் ஆறாக இருந்தவை நாற்பதாயின, பிறகு நானூறு. போய்ச் சொன்னேன்.

"ஆடு மேய்ச்சவன் மக மெஷினுக்கு நாடி பாக்குறா பாரு," என்றார் சகின்பெக். "துர்சுன்தான் டிரைவர்னு சொல்லிட்டான்ல. நீ டீயக் கொண்டா, மருமகளே."

நான் யாருக்கும் மருமகள் இல்லை. அறையே சிரித்தது.

"டிஸ்க் போகப்போகுதுன்னு மெஷினே தொடங்குறப்பல்லாம் எழுதிக் காட்டுதே, ஐயா."

"அந்த எழுத்து வராம பண்ணு. வியாழக்கிழமை பெரிய ஆளுங்க வர்றாங்க."

பண்ணினேன். உத்தரவு.

தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து நான் வரவழைத்த புது டிஸ்க் திங்கட்கிழமையே வந்துவிட்டது. மாற்ற நாற்பது நிமிடம் போதும். என் இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். வியாழனன்று அதிகாரிகள் முன்னால் கணினி விழ வேண்டும், துர்சுன் டிரைவரை நிறுவி நிறுவி முழிக்க வேண்டும், பிறகு நான் இழுப்பறையைத் திறக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. படித்தவளுக்கு அதுகூட இருக்கக் கூடாதா?

புதன் மதியம் ஒரு மணிக்கே அது விழுந்தது. எழவில்லை. விழும் முன் கடைசியாகக் காட்டிய நீர்மட்டம் கோட்டுக்கு நான்கு விரல் கீழே. வெயில் நல்ல வெயில். பார்த்தவள் நான் மட்டும்தான். கிராமத்துத் தொலைபேசி எண் என் மேசைக் கண்ணாடிக்கு அடியிலேயே இருந்தது. நாளைவரை பொறுக்கலாம் என்று பின்னறைக் கதவைச் சாத்திவிட்டு டீ ஊற்றப் போனேன்.

சகின்பெக்கின் கிண்ணத்தைத் தளும்ப நிரப்பினேன்.

"என்ன மருமகளே, தொரத்துறியா?"

"கை தவறிடுச்சு, ஐயா."

மூன்று பத்துக்கு ஏரி உடைந்தது. சங்கு ஊதவில்லை. ஆற்றோரம் புல் அறுத்துக்கொண்டிருந்த பதினொரு பேர்.

நீங்கள் எழுதிய விசாரணை அறிக்கையைப் படித்துப் பார்த்தேன். இழுப்பறை, கதவு, நேரம், பதினொரு பெயர்கள், எல்லாம் சரி. காரணம் என்ற இடத்தில் மட்டும் துர்சுன் சொன்னதைக் கேட்டு டிரைவர் கோளாறு என்று போட்டிருக்கிறீர்கள். கையெழுத்துப் போட நான் மறுப்பது அதற்குத்தான். டிஸ்க் என்று திருத்திக் கொடுங்கள், உடனே போடுகிறேன்.